பொய்யா, தப்பா

“இந்தக் கப்பலா? இது பிஸ்கட்டும்மா. இதைவிட நாலு மடங்கு பெரிசை ஒத்தைக் கொக்கியில மாட்டி அலேக்கா தூக்கியிருக்கேன். தூக்கி, அடியில இருந்த பாசியை எல்லாம் சுரண்டச் சொல்லி, துவட்டிக் காயவச்சு, மறுபடி மெதுவா தண்ணியில விட்டேன். கேப்டன் உள்ள தூங்கிக்கிட்டு இருந்தாரு. இன்னைக்கு வரைக்கும் அவருக்கு விஷயம் தெரியாது.”

சொன்னவர் துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே அவருக்கு வைத்த பெயர் கொக்கி. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. எதிரே உட்கார்ந்து கேட்டவள் ஆஸ்பத்திரியின் பேச்சு டீச்சர். அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அட்டையில் கப்பல் படம். ‘கப்பல்’ என்று சொன்னால் போதும், அடுத்த அட்டைக்குப் போகலாம். அடுத்த அட்டையில் நாய் இருந்தது. அந்த நாய் கொக்கியோடு கிரேன் மேலே ஏறி வந்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வாலால் காட்டிய நாய். அதற்கடுத்து குடை. அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு கொக்கி ஒரு தடவை கிரேன் உச்சியிலிருந்து கீழே குதித்து, சட்டைகூடக் கசங்காமல் போய்ச் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

பேச்சு டீச்சர் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

காரியம் விளையாட்டில்லை. கொக்கியின் மூளையில், இடப் பக்கம், பேச்சு உற்பத்தியாகிற பேட்டைக்கு அடுத்த தெருவில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. அது முதலில் தலைகாட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புயலை ஒற்றைக் கையால் நிறுத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், “புயல் என்னைப் பாத்துச்சு, நான் புயலைப் பாத்தேன்...” என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டார். சொந்தபந்தம் எல்லாம் கைதட்டியது. கொக்கிக்குப் பொய் தீர்ந்துபோனதை உலகம் அதுவரை கண்டதில்லை. அவர் மனைவி மட்டும் கைதட்டவில்லை. அவருடைய வாயோரம் மீன் தூண்டிலைக் கடித்தது போல இழுத்து இழுத்து விடுவதை அவள் பார்த்துவிட்டாள்.

கட்டியை எடுக்க வேண்டும். ஆனால் பேச்சை எடுத்துவிடக் கூடாது. அதனால் மண்டையைத் திறந்தபின் ஆளை எழுப்பி, பேசவைத்துக்கொண்டே வெட்டுவார்கள். மூளைக்கு வலி தெரியாது. நோயாளி சரியாகப் பேசிக்கொண்டிருக்கும் வரை டாக்டர் உள்ளே போவார். தப்பாகப் பேசினால் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். பேச்சுதான் அவருக்குக் கைவிளக்கு. அதற்காகத்தான் முன்கூட்டியே இந்த அட்டைப் பரீட்சை.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் சொல்றதுல எது சரி, எது தப்புன்னு எனக்கே தெரியலை,” என்றாள் பேச்சு டீச்சர், வெளியே நின்ற மனைவியிடம். “நாயைப் பார்த்துப் பூனைன்னு சொன்னா தப்புன்னு பிடிச்சிடுவேன். நாய் வாலால காத்தைக் காட்டுச்சுன்னு சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது? மூளை தடுமாறுதா, இல்ல இவர் எப்பவுமே இப்படித்தானா?”

“எப்பவுமே இப்படித்தான்.”

“வெறும் பேரை மட்டும் சொல்லுங்கன்னு கெஞ்சிப் பாத்துட்டேன்.”

“கல்யாணத்துல எங்கப்பா பேரைக் கேட்டாங்க. எங்கப்பா பேரோட சேத்து, அவர் புலி அடிச்ச கதையும் சொன்னாரு. எங்கப்பா தபாலாபீஸ்ல முத்திரை குத்துறவரு.”

“அப்ப எது வழக்கமான பொய், எது புதுத் தப்புன்னு நீங்க எனக்குச் சொல்ல முடியுமா?”

மனைவி இல்லை என்று தலையை ஆட்டினாள். “நான் எப்பவோ கணக்குப் பாக்குறதை விட்டுட்டேன்மா. என் தம்பியைக் கேளுங்க. அவன்தான் ஒண்ணு விடாமப் பிடிப்பான்.”

இப்படித்தான் சர்வேயர் இந்தக் கதைக்குள் இழுத்துப் போடப்பட்டார்.

சர்வேயர் என்றால் நிலம் அளப்பவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, நனைந்த சரக்கு என்று போய்ப் பார்த்து, ‘இது நிஜமாகவே நடந்ததா’ என்று சொல்கிற வேலை. நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர். தான் பிறந்ததையே சான்றிதழைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். அக்கா கொக்கியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் அங்கே ஆஜர். கொக்கி ஒரு கதையை விடுவார். சர்வேயர், “யார் பாத்தா?” என்பார். அத்தோடு சாப்பாடு ஆறிப்போகும். தட்டை அக்கா உள்ளே எடுத்துப்போய்த் திரும்பச் சூடு பண்ணுவாள். வேறு பேச்சு அந்த இரண்டு பேருக்கும் கிடையாது. அன்பாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேருக்கும் ஜுரம் வந்திருக்கும்.

“மச்சான்!” என்று ஆபரேஷன் அன்று காலை சக்கரக் கட்டிலிலிருந்து கொக்கி கூப்பிட்டார். பாதி மொட்டையடித்த தலை. “உனக்கு உத்தியோக உயர்வு. என் பொய்க்கு முத்திரை குத்தப் போறே.”

“உங்க பொய்க்கு முத்திரை குத்த ஒரு ஆள் பத்தாது அத்தான்.”

“மச்சான்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “கை கால் போனாக்கூடப் பரவாயில்லைடா. பேச்சைப் பாத்துக்க.”

“சரி சரி, போங்க,” என்றார் சர்வேயர், ஏதோ பஸ்ஸில் ஏற்றிவிடுவது போல.

அவரை உட்காரவைத்த அறை ஆபரேஷன் அறைக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தது. பீரோவுக்குள் ஆளை வைத்துச் சாத்திய மாதிரி அவ்வளவு விசாலம். ஒரு திரையில் கொக்கியின் முகம். இன்னொரு திரையில் அவருடைய மூளை. அதைச் சர்வேயர் ஒரு தடவைதான் பார்த்தார்; அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலையே திரும்பவில்லை. எதிரே ஒரு மைக், அதில் ஒரு பொத்தான். அமுக்கினால் அவர் குரல் டாக்டர் காதுக்குப் போகும். வழக்கமான அளப்பு என்றால் ‘பொய்’ என்று சொல்ல வேண்டும். டாக்டர் மேலே போவார். கொக்கி சொல்லவே மாட்டாத எதையாவது சொன்னால் ‘தப்பு’. டாக்டர் கையை எடுத்துவிடுவார். உலகத்தில் எந்தச் சர்வேயருக்கும் இப்படி ஒரு சர்வே வந்திருக்காது.

பக்கத்து நாற்காலியில் ஓர் இளம்பெண். கொக்கியின் மூளைமேல் ஒட்டியிருந்த மெல்லிய பட்டையிலிருந்து வரும் அலைகளைப் பார்ப்பது அவள் வேலை. அவள் திரையில் கோடுகள் எறும்பு வரிசை போல ஓடிக்கொண்டிருந்தன.

“அது என்னம்மா கோடு?”

“உங்க அத்தான் பேசப் போறாரு சார். வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி இங்க வந்துடும்.”

“பொய்யும் இதுலதான் வருமா?”

“பொய், உண்மை எல்லாம் ஒரே ரோடுதான் சார். தனி ரோடு கிடையாது.”

சர்வேயருக்குக் கேள்வி கேட்காமல் உட்காரத் தெரியாது. பயம் வந்தால் கேள்வி இன்னும் கூடும். அந்தப் பெண்ணும் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

“ஒரு நரம்பு செல்லும் அடுத்த செல்லும் தொட்டுக்கிட்டு இருக்காது சார். நடுவுல ஒரு சந்து. கண்ணுக்கே தெரியாத சந்து. இந்தப் பக்கத்துல இருந்து மின்சாரம் முனைக்கு வந்ததும், அங்க இருக்கிற கதவெல்லாம் திறந்துக்கும். வெளிய கால்சியம் காத்துக்கிட்டு இருக்கும். திறந்த உடனே உள்ள பாயும்.”

“எலும்புல இருக்கே, அந்தக் கால்சியமா?”

“அதேதான். அது உள்ள வந்தாத்தான் வேலையே நடக்கும். உள்ள குட்டிக் குட்டிப் பையா இருக்கும். கால்சியம் வந்து சேர்ந்ததும் அந்தப் பை சுவத்தோட ஒட்டி, வாயைத் திறந்து, சரக்கைச் சந்துக்குள்ள கொட்டிடும். அந்தச் சரக்கு பேரு குளூட்டமேட். அது அந்தப் பக்கம் போய் அடுத்த செல்லை உசுப்பும். அது அதுக்கு அடுத்ததை. இப்படிப் போய்ப் போய்த்தான் ‘கப்பல்’னு வார்த்தை வருது.”

“கால்சியம் வெளிய எவ்வளவு காத்துக்கிட்டு இருக்கும்?”

“உள்ள இருக்கிறதைவிடப் பத்தாயிரம் மடங்கு.”

சர்வேயர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா, நீ எங்க அத்தானுக்குச் சொந்தமா?”

அவள் சிரித்தாள். “நிஜம் சார். பொஸ்தகத்துலயே இருக்கு.”

“கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?”

“கண்ணிமைக்கிற நேரத்துல நூறு தடவை திறந்து மூடலாம்.”

“கொட்டின சரக்கு?”

“பக்கத்துலயே வேற செல்லுங்க இருக்கு, உடனே கூட்டிப் பெருக்கி அள்ளிடும். அள்ளலைன்னாத்தான் ஆபத்து. எதிர்ல இருக்கிற செல் விடாம உசும்பிக்கிட்டே இருக்கும், அதோட கதவு திறக்கும், அது கொட்டும், அடுத்தது கொட்டும்... தெருவே கத்த ஆரம்பிச்சிடும். அதுதான் வலிப்பு. இந்த மாதிரிக் கட்டி இருக்கே, அது தன் பங்குக்குக் குளூட்டமேட்டைக் கசியவேற விட்டுக்கிட்டு இருக்கும்.”

எரிந்து முடிந்த கடைக்குத்தான் சர்வேயர் போய்ப் பழக்கம். சாம்பலைக் கிளறி, எங்கே பிடித்தது, எப்படிப் பரவியது என்று சொல்லிவிடுவார். எரியப் போகிற கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்ததே இல்லை. அந்தத் தலைக்குள் கோடானுகோடிக் கதவு திறந்து திறந்து மூடுகிறது. அதில் ஒரே ஒரு கதவைப் போய்ச் சாத்திவிட்டு வர அவரால் முடியாது. முன்னால் இருப்பதெல்லாம் ஒரு பொத்தான்.

உள்ளே கொக்கியை எழுப்பினார்கள். தலையை இறுக்கிப் பிடித்திருந்த இரும்பு வளையத்துக்குள்ளிருந்து, துணிக் கூடாரத்துக்கு அடியில், அவர் கண்ணைத் திறந்தார்.

“எப்படி இருக்கீங்க?” என்று பேச்சு டீச்சர் குனிந்து கேட்டாள்.

“கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு.”

டாக்டர் முதலில் கம்பி போன்ற ஒன்றால் மூளையின் மேல் அங்கங்கே தொட்டு மெல்லிய மின்சாரம் கொடுத்தார். கொக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நா— அவ்வளவுதான். குழாயைத் திருகி மூடிய மாதிரி. கண் விழித்தபடி இருக்கிறது, உதடு திறந்தபடி இருக்கிறது, சத்தம் இல்லை. கம்பியை எடுத்ததும், “நாலு, அஞ்சு” என்று மறுபடி கொட்டியது. டாக்டர் அந்த இடத்தில் ஒரு சின்னக் காகிதத் துண்டை வைத்தார். அங்கே கத்தி போகாது.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை சர்வேயர் கடவுளை வேண்டியிருக்கிறார், இந்த மனிதர் ஒரு நிமிஷம் வாயை மூடினால் போதும் என்று! இப்போது ஒவ்வொரு தடவை அந்த வாய் நின்றபோதும் அவர் நாற்காலியின் கைப்பிடியை அது மரமாக இருந்தால் சாறு வரும் அளவுக்குப் பிழிந்தார். அது இரும்பாக இருந்தது.

பிறகு வெட்டு ஆரம்பமானது.

“ஐயா, அந்தக் கப்பல் கதையைச் சொல்லுங்க,” என்றாள் டீச்சர்.

இதைவிட ஒரு நல்ல சேதி கொக்கிக்கு வேண்டுமா? ஆரம்பித்துவிட்டார். கப்பல் ஊர் அளவுக்கு இருந்தது. அதன் புகைபோக்கிக்குள் ஒரு கல்யாணமே நடத்தலாம்.

“பொய்,” என்றார் சர்வேயர் பொத்தானை அமுக்கி.

“நன்றி,” என்றது டாக்டரின் குரல். கத்தி நகர்ந்தது.

கப்பலைத் தூக்கியபோது கடல் மட்டம் சர்ரென்று இறங்கி, மீன்கள் எல்லாம் நடந்து போயின.

“பொய்.”

“நன்றி.”

கேப்டனின் மனைவி ஜன்னலைத் திறந்து, ‘ஏங்க, மேகமா இருக்கே, துணி காயுமா?’ என்று கேட்டாள்.

“பொய். ஆனா இது புதுசு டாக்டர். இதுக்கு முன்னாடி இந்தம்மா வந்ததில்லை.”

“புதுசுன்னா தப்பா?”

“இல்ல, இல்ல. ரொம்ப நல்லா இருக்காரு.”

இப்படியே போனது. சர்வேயரின் தோள் மெல்ல இறங்கியது. அலைப் பெண்கூட ஒரு முறை வாயைப் பொத்திச் சிரித்தாள். டாக்டர் ஆழமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அப்போது சர்வேயருக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. கொக்கி பேசிக்கொண்டுதான் இருந்தார். வார்த்தை தெளிவாகத்தான் இருந்தது.

“பெரிய கப்பல்,” என்றார் கொக்கி. “பெரிய கப்பல்தான். ஆனா ரொம்பப் பெரிசில்ல.”

“அப்புறம் ஐயா?”

“நடுத்தரம்.”

சர்வேயர் முன்னால் சாய்ந்தார்.

“கொக்கியில மாட்டினீங்களே, அப்புறம்?” என்றாள் டீச்சர்.

“கப்பலை மாட்டலை. பெட்டி. பெட்டியைத்தான் மாட்டுவோம்.” கொஞ்சம் இடைவெளி. “அன்னைக்கு மழை. கிரேன் ஓடலை. வீட்டுக்குப் போயிட்டேன்.”

டீச்சர் திரும்பி டாக்டருக்குத் தலையசைத்தாள். எழுவாய், பயனிலை எல்லாம் ஒழுங்கு. இதைவிடச் சுத்தமாக யாரும் பேச முடியாது.

சர்வேயரின் விரல் பொத்தான்மேல் நின்றது. அக்கா கல்யாணமாகிப் போன நாள் முதல் அவர் காத்திருந்த வாக்குமூலம் அல்லவா இது! கப்பலைத் தூக்கவில்லை. அவர் வாயாலேயே வந்துவிட்டது. தொழில்காரனின் புத்திக்கு ஒரு மூச்சு நேரம் இனித்தது. ஒருவேளை இந்த மனிதர் இப்படித் தலை திறந்து கிடக்கும்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பாரோ? உண்மை சொல்கிறவரைத் தடுப்பதா?

அடுத்த மூச்சில் அது கசந்தது. சாகக் கிடந்தாலும் எமனிடம் பேரம் பேசி எருமையை வாங்கிக்கொண்டு வருகிற ஆள். இவராவது ஒப்புக்கொள்வதாவது!

பொத்தானைக் குத்தினார். “தப்பு! தப்பு டாக்டர்! கையை எடுங்க!”

கத்தி நின்றது. “என்ன சார், வாக்கியம் சரியாத்தானே இருக்கு?”

“அதான் தப்பு! உண்மையைச் சொல்றாரு டாக்டர்! அவருக்கு உண்மை வராது!”

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் பக்கத்தில் அலைப் பெண் அதற்குள் எழுந்து நின்றுவிட்டாள். எறும்பு வரிசை கலைந்து, கோடுகள் ஊசி ஊசியாக எழும்பிக்கொண்டிருந்தன. முதலில் ஓர் ஓரத்தில். பிறகு பக்கத்தில். அந்தச் சந்துகளில் எல்லாம் அள்ள ஆளில்லாமல் சரக்கு கொட்டிக் கொட்டி வழிய, திறந்த கதவு மூடாமல் கால்சியம் பத்தாயிரம் மடங்கு வெறியோடு உள்ளே புகுந்துகொண்டிருந்தது. சர்வேயருக்கு அது அப்படியே தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

“பரவுது டாக்டர்!” என்றாள் பெண் தன் மைக்கில்.

திரையில் கொக்கியின் வாயோரம் இழுத்தது. விட்டது. இழுத்தது.

“குளிர்ந்த தண்ணி! சீக்கிரம்!”

நர்ஸ் ஐஸில் புதைத்து வைத்திருந்த உப்பு நீரை ஒரு ஊசிக்குழாயில் உறிஞ்சி, டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் அதைத் திறந்த மூளையின் மேலேயே பீய்ச்சினார்.

“என்னம்மா பண்றாங்க? ஐயோ, என்னம்மா பண்றாங்க?” சர்வேயர் எழுந்து, கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினார். கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனால்கூட அங்கே போய் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

“குளிர்ந்தா எல்லாம் மந்தமாகும் சார். கொட்டுறது குறையும்.” அவள் கண் கோட்டிலேயே இருந்தது. “குறையுது... குறையுது...”

ஊசிகள் படிந்தன. எறும்புகள் தடத்துக்கு வந்தன. வாயோரம் நின்றது.

ஆனால் பேச்சு வரவில்லை.

“ஐயா, இது என்ன?” கப்பல் அட்டை. கொக்கி பார்த்தார். ஒன்றுமில்லை. நாய் அட்டை. ஒன்றுமில்லை. குடை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. பேச்சு டீச்சர் அதைத் துடைத்துவிட்டாள். கடிகாரத்தில் முள் நகர்கிறதா என்றே சந்தேகம். அதை நம்பாமல் சர்வேயர் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். அதுவும் நின்றுபோன மாதிரிதான் இருந்தது.

“சார்,” என்றது டாக்டரின் குரல், மெதுவாக. “அந்த செல்லெல்லாம் இப்ப களைச்சுப்போய்க் கிடக்கு. கொஞ்ச நேரத்துல வரலாம். வராமலும் போகலாம். பழகின குரல் கேட்டா நல்லது. உங்க குரலை அவருக்குத் திருப்பிவிடறேன். பேசுங்க.”

“என்ன பேசறது?”

“எதுவேணா. வீட்டுல பேசறதைப் பேசுங்க.”

சர்வேயர் பொத்தானை அமுக்கினார். அன்பாகப் பேச வேண்டும் என்று தோன்றியது. அன்பாகப் பேசிப் பார்த்ததில்லை. தொண்டையில் இருந்தது ஒரே ஒரு சரக்கு. அதைத்தான் கொட்டினார்.

“அத்தான். கப்பலைத் தூக்கினேன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே. யார் பாத்தா?”

கொக்கி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கப்பலாம், காயவச்சாராம். உங்க கிரேன்ல கட்டெறும்பு ஏறினாலே பாரம் தாங்காம முனகும். ஒரு பெட்டி தூக்கினா மறுநாள் முதுகு வலின்னு லீவு போட்டவர்தானே நீங்க? கேப்டன் தூங்கினாராம்! எந்தக் கேப்டன்? பேர் சொல்லுங்க. சொல்ல மாட்டீங்க, ஏன்னா கேப்டனும் இல்ல, கப்பலும் இல்ல.” குரல் உடைந்தது. அவர் விடவில்லை. “கடல் இருந்துச்சாங்கிறதே எனக்குச் சந்தேகமா இருக்கு அத்தான். யார் பாத்தா? சொல்லுங்க. ஒரு சாட்சி. ஒரே ஒரு சாட்சி.”

உதடு அசைந்தது.

“ரெ...”

“என்ன?”

“ரெண்டு.”

“என்ன ரெண்டு அத்தான்?”

கொக்கியின் புருவம் அந்த இரும்பு வளையத்துக்குக் கீழே முடிச்சுப் போட்டது. மலையை நெம்புவது போல நெம்பி, வெளியே தள்ளினார். “கப்... பல். ஒண்ணு இல்ல. ரெண்டு.”

பேச்சு டீச்சர் வெலவெலத்துப் போய்க் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். “சார்! இது என்ன சார்? பொய்யா, தப்பா?”

சர்வேயரால் பொத்தானைப் பார்க்க முடியவில்லை; கண் முழுக்கத் தண்ணீர். தடவித் தடவி அமுக்கினார்.

“பொய்ம்மா. பொய்தான். கலப்படமே இல்லாத சுத்தப் பொய்.”

டாக்டர் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டார். கட்டியில் கொஞ்சம் மீதி இருந்தது. அது பேச்சின் வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. “அதை எடுத்தா இவரையும் சேத்து எடுத்த மாதிரி. கதிர் சிகிச்சை கொடுத்துப் பாப்போம்,” என்றார் வெளியே வந்து. பாப்போம் என்ற சொல்லை அக்கா பிடித்துக்கொண்டு நடைபாதையில் ரொம்ப நேரம் நின்றாள்.

அதோடு கஷ்டம் தீரவில்லை. வெட்டுப்பட்ட மூளை வீங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், வீங்கியது. அன்று மேஜையில் வந்த பேச்சு, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதியாகி, கால்வாசியாகி, தண்ணீர், வேணாம், வலி என்ற அளவில் வந்து நின்றது. வாக்கியம் கட்ட முடியவில்லை. மனதில் கதை இருப்பது கண்ணில் தெரிந்தது. வாசல் வரை வந்து, நிலையில் இடித்துக்கொண்டு, உள்ளே திரும்பிப் போயிற்று.

“வீடு கிணறு மாதிரி இருக்குடா,” என்றாள் அக்கா. “குக்கர் விசில் அடிச்சாக்கூட யாரோ வந்திருக்காங்கன்னு ஓடறேன். சத்தமா எதையாவது சொல்லிட்டுப் போ. பொய்யாவது பேசுறாரான்னு பாப்போம்.”

சர்வேயர் இப்போது ஞாயிறு மட்டும் இல்லை, எல்லா நாளும் வந்தார். எதிரே உட்கார்ந்து, “யார் பாத்தா?” என்பார். கொக்கி முறைப்பார். சில நாள் ஒரு வார்த்தை வரும். சில நாள் முறைப்பு மட்டும். தட்டில் சாப்பாடு ஆறாமல் இருந்தது. அதைப் பார்க்க அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. தனக்குத் தெரிந்த ஒரே மருந்தை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் சர்வேயர். உள்ளே எந்தக் கதவு திறக்கிறது, எது துருப்பிடித்துக் கிடக்கிறது என்று எந்தத் திரையும் இப்போது அவருக்குக் காட்டவில்லை.

கதிர் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வரிசையில் உட்கார வேண்டும். ஒருநாள் பக்கத்து நாற்காலியில் கழுத்துப் பட்டை போட்ட ஒரு தையல்காரர் இருந்தார். பொழுது போகாமல் கொக்கியின் தலைத் தழும்பைப் பார்த்துவிட்டு, “என்னங்க ஆச்சு?” என்று கேட்டார்.

சர்வேயர் பதில் சொல்ல வாயெடுத்தார். கொக்கி கையை நீட்டித் தடுத்தார். கேட்டது தன்னை.

“தலை,” என்றார் கொக்கி. “திறந்து. நான்... முழிச்சு.” ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி, ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்து, இறக்கி வைத்தார். “கதை. டாக்டருக்கு. ஐஸ்... தண்ணி. மூளை... மேல.”

தையல்காரர் இரக்கமாகச் சிரித்தார். சர்வேயர் பக்கம் சாய்ந்து, “பாவம், தலையில அடி போல. கொஞ்சம் குழப்பமா பேசறாரு,” என்று முணுமுணுத்தார்.

கொக்கிக்கு அது கேட்டது. ஊரையே உட்காரவைத்துக் கதை சொன்ன மனிதர். முகம் சிவந்து, வாய் திறந்து, கழுத்து நரம்பு புடைத்து, வேறொன்றும் வராமல், மச்சானைப் பார்த்தார். வாழ்க்கையில் நடந்ததிலேயே பெரிய கதை கையில் இருக்கிறது. சொல்ல நாக்கு இல்லை.

“குழப்பம் இல்லீங்க,” என்றார் சர்வேயர். “மண்டையைத் திறந்து வச்சுட்டு ஆளை எழுப்பினாங்க. இவர் டாக்டருக்குக் கப்பல் கதை சொன்னாரு. நடுவுல வலிப்பு வந்துச்சு. ஐஸ் தண்ணியை நேரா மூளை மேலயே ஊத்தி அடக்கினாங்க.”

தையல்காரரின் சிரிப்பு இப்போது மாறியது. அது இரக்கச் சிரிப்பு இல்லை. “சார், பாத்தா பெரிய மனுஷனா இருக்கீங்க. மூளை மேல ஐஸ் தண்ணியா? ஆளு முழிச்சுக்கிட்டு? நல்லாத்தான் கதை விடறீங்க. யார் பாத்தா?”

சர்வேயருக்குக் காது சூடேறியது. காலம் பூராவும் அடுத்தவர் மேல் எறிந்த கல் நேராக வந்து நெற்றியில் பட்டது. பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்து முட்டியால் ஒரு இடி.

“வாளி,” என்றார் கொக்கி. கண்ணில் ஒரு கள்ளத்தனம் எட்டிப் பார்த்தது. “வாளி... வாளியா.”

ஊசிக்குழாய். சர்வேயர் தன் கண்ணால் பார்த்தது ஒரு சின்ன ஊசிக்குழாய். அவர் அத்தானைப் பார்த்தார். தையல்காரரைப் பார்த்தார்.

“வாளி வாளியாத்தான் ஊத்தினாங்க,” என்றார். “கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்னுக்கிட்டு இருந்தேன். நான் பாத்தேன். நடந்துச்சு.”